கணுவுக்கு நாலு முள்

சித்திரை வெயிலில் தேரிக்காட்டுக்குள், அதாவது செம்மணல் மேட்டுக் காட்டுக்குள் போனால் பல செடிகளில் பூவும் இருக்காது, இலையும் சரியாக இருக்காது. முள் இருக்கும். குதிரைமொழித்தேரி இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்தான்; இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மணல், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் மேலே நிற்காமல் சட்டென்று கீழே இறங்கிவிடும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவரிடம் இடுப்புயரப் புதர் ஒன்றைக் காட்டி இது என்ன செடி என்று கேட்டேன். "முள்ளை எண்ணிப் பாருங்க தம்பி" என்றார்.

எண்ணினேன். ஒரு கணுவில் நாலு.

அது சங்கஞ்செடி, இசங்கு என்றும் சொல்வார்கள். தாவரவியலில் அசிமா டெட்ராகாந்தா. டெட்ராகாந்தா என்றாலே நாலு முள் என்றுதான் பொருள். கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும், ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் பெரும்பாலும் இரண்டு முள், ஆக நாலு. அடுத்த கணுவில் இலைகள் குறுக்காகத் திரும்பியிருக்கும், கூடவே முள்ளும் திரும்பிக்கொள்ளும், அதனால் ஆடு எந்தப் பக்கமிருந்து மூஞ்சியை நீட்டினாலும் குத்து விழும். இலையைத் தொட்டுப் பாருங்கள், தடிப்பாக இருக்கும், அதன் நுனிகூட ஊசி மாதிரி கூர்.

உடைமரத்தில் கதை வேறு. அங்கே முள்ளாக மாறியிருப்பது இலையடிச் செதில், அதனால் இலைக்காம்பு ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று ஜோடியாக நிற்கும். சீமைக்கருவேலத்திலும் முள் ஜோடியாக வரும் என்பதால் எங்கள் பக்கம் பலர் இரண்டையுமே உடை என்று சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் சீமைக்கருவேலத்தை அழிக்கக் கிளம்பும்போது நாட்டு உடையும் சேர்ந்து போய்விடுகிறது, அது எனக்குப் பெரிய வருத்தம். பூவைப் பாருங்கள்: உடைக்கு வெள்ளை உருண்டை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்துக்கு மஞ்சள் கதிர்.

விடத்தலை என்கிற இன்னொரு முள்செடியின் முள்ளோ ஒரு குட்டிக் கிளையேதான், முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருக்கும்.

மறுபடி சங்கஞ்செடிக்கு வருகிறேன். கடுகும் முருங்கையும் இருக்கிற அதே தாவர வரிசையில்தான் இதுவும் வருகிறது, பார்த்தால் நம்பவே முடியாது. பழம் வெள்ளையாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, ஆகவே ஒரு புதரில் பழமே காணோம் என்றால் வேறு செடியோ என்று சந்தேகப்பட வேண்டாம், முள்ளை எண்ணுங்கள், நாலு இருந்தால் அது சங்கஞ்செடிதான், ஆண் செடியாக இருக்கலாம்.