பழவேற்காட்டு முகத்துவாரம்: கடல் ஏரியாகும் இடம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு கிடக்கிறது. அதன் தென்முனைப் பக்கத்து முகத்துவாரம் வழியாக, விடியுமுன் கரைக்காற்றில் கடலுக்குப் போன பாய்மரப் படகொன்று பிற்பகல் கடற்காற்றில் ஏரிக்குத் திரும்புவதாகக் கொள்வோம். (இன்று பெரும்பாலும் இயந்திரப் படகுகளே ஓடுகின்றன, ஆனால் நீரின் கணக்கைப் பாய்தான் தெளிவாகக் காட்டும்.) வெளியே அலை புரள்கிறது, சில நூறு மீட்டர் உள்ளே வந்துவிட்டால், அதே காற்று வீசியும் நீரில் வெறும் சலசலப்புதான்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் முகத்துவாரத்தின் வாசலில் நீருக்கடியில் கிடக்கும் மணல்திட்டு. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தளர்கிறது, பின்னால் வரும் அலைகள் நெருங்குகின்றன, உயரம் கூடுகிறது. நீரின் ஆழம் அலை உயரத்தின் ஏறத்தாழ 1.3 மடங்காகச் சுருங்கும்போது உச்சி முன்னால் சரிந்து உடைகிறது. தப்பி உள்ளே நுழையும் சிறு பகுதியும் விசிறிபோல் விரிந்து வலுவிழக்கிறது. ஏரியின் சராசரி ஆழமோ சுமார் 1 மீட்டர்தான். அங்கே காற்று புதிதாக எழுப்பும் அலை உயர வழியில்லை.

ஆகவே அமைதிக்கான விலை முழுவதையும் படகு வாசலிலேயே கொடுக்க வேண்டியிருக்கிறது. 1.5 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதைவிட மெதுவாக வரும் படகை அலை பின்னாலிருந்து எட்டிப்பிடித்து அமரத்தை (படகின் பின்முனையை) தூக்குகிறது; அணியம் (முன்முனை) நீரில் புதைந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். எனவே ஓட்டுபவர் வெளியே காத்து நின்று, பெரிய அலைகள் கூட்டமாகக் கடந்தபின் வரும் சற்றுத் தணிந்த இடைவெளியில் நுழைகிறார். நுரைக்காமல் கருத்துத் தெரியும் நீரே ஆழமான வழி என்பதும் அவருக்குத் தெரியும்.

நேரமும் முக்கியம். ஏரியிலிருந்து கடலுக்கு வடியும் நீர் எதிரே பாயும்போது, உள்ளே வரும் அலைகள் அந்த ஓட்டத்தில் முட்டி, நெருங்கிச் செங்குத்தாக எழுகின்றன. கடற்காற்று பலமாக வீசும் பிற்பகலில் இது மிக ஆபத்தானது. ஆனால் கடலில் ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) உச்சத்தைத் தொட்ட கணமே வாசலில் நீரோட்டம் திரும்பிவிடும் என்று எண்ணக் கூடாது. குறுகிய வாசல் வழியே ஏரி மெதுவாகத்தான் நிரம்புகிறது. கடல்மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும், அது ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்திருக்கும் வரை நீர் உள்ளேயே பாயும். இரண்டு மட்டமும் சமமாகும் சிறிது நேரமே வாசல் அசையாமல் நிற்கும். ஓத அட்டவணையை மட்டும் நம்புபவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

இப்படித் தினமும் உள்ளே போய் வெளியே வரும் நீரின் அளவே வாசலின் குறுக்குவெட்டுப் பரப்பை நிர்ணயிக்கிறது என்பதை அமெரிக்கப் பொறியாளர் ஓ'பிரையன் 1931ஆம் ஆண்டு காட்டினார். கடற்கரை ஓரமாக மணல் ஓயாமல் நகர்கிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைச் சென்னைப் பகுதி மீனவர் தெண்டி என்றும், எதிர்த்திசையில் வருவதை வன்னி என்றும் சொல்வர்; ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போவதே அதிகம். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும், வடக்கே போகும் இந்த மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால்தான். அந்த மணல் முகத்துவாரத்தில் படியப் படிய, ஓதநீர் அதை வாரித் தள்ள வேண்டும். பௌர்ணமி, அமாவாசையிலும் இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டரே என்பதால் அதற்குப் போதிய வலு கிடைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து வாசலை உடைத்து அகலப்படுத்துகிறது. கோடையில் அது மீண்டும் ஒடுங்குகிறது.

வாசல் அடைபட்டால் ஏரிநீர் வெயிலில் வற்றிக் கடலைவிடவும் உப்பேறுகிறது, கடலில் பிறந்து ஏரிக்குள் வளர வரும் இறால் குஞ்சுகளுக்கும் வழியில்லாமல் போகிறது. மீனவர் பல ஆண்டுகளாகத் தூர்வாரச் சொல்லிக் கேட்பது இதற்காகவே. ஆனால் தூர்வாருவதால் கடல் ஓதத்தின் வலுவும் கூடிவிடாது, மணல் வரத்தும் குறையாது. எனவே தோண்டிய பள்ளம் மறுபடி நிரம்புகிறது. மணலைத் தடுக்கக் கடலுக்குள் கல் நீட்டினாலோ, மணல் கிடைக்காத வடபுறக் கரை ராயபுரத்தைப்போல் அரிக்கப்படும்.