ஒரே படகில் இரண்டு எக்கோவா? வாங்குமுன் இதைப் படியுங்கள்

கடலுக்குள் ஒலி விட்டு, அதன் எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் மெஷின்தான் எக்கோ சவுண்டர், சுருக்கமாக எக்கோ. நாகையில் அதைப் பழுது பார்ப்பது என் தொழில். சமீப காலமாக என்னிடம் வரும் மெஷின்கள் பலவற்றில் பழுதே இருப்பதில்லை. ஃபைபர் படகில் பழைய எக்கோ ஓடிக்கொண்டிருக்கும்; பக்கத்திலேயே புதிதாக இன்னொன்றை மாட்டியிருப்பார்கள். அப்புறம் திரை முழுக்கச் சாய்வாகக் கோடும் புள்ளியும் ஓடும். அந்தப் புள்ளிகளை மீன் என்று நம்பி வலை விட்டு, எரிபொருள் செலவுதான் மிச்சம் என்று போன வாரமும் ஒருவர் வந்து நின்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

"ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு மீன் தெரியும்ல அண்ணே?" தெரியாது. நாம் மாட்டும் சாதாரண எக்கோ சுற்றிலும் பார்க்காது. படகுக்கு நேர் கீழே, கூம்பு மாதிரி விரிந்து பார்க்கும், அவ்வளவுதான். 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்தக் கூம்பு பெரும்பாலும் 20 டிகிரி. பத்து மீட்டர் ஆழத்தில் அது மூன்றரை மீட்டர் வட்டம். ஒரே படகின் பின்பலகையில் இரண்டு டிரான்ஸ்டியூசர் (ஒலியை விட்டு வாங்கும் பாகம்) மாட்டினால் இரண்டும் ஏறக்குறைய அதே வட்டத்தைத்தான் பார்க்கும். மூன்றாவது மாட்டினாலும் அதே வட்டம்தான். விலை கூடிய மெஷினில் படம் தெளிவாக இருக்கலாம். படகுக்கு அடியில் இல்லாத மீனை அதுவும் காட்டாது.

கூடுதலாக ஒன்றும் கிடைக்காது என்பதோடு போனால் பரவாயில்லை. இரண்டும் ஒரே அலைவரிசையில் ஓடினால் ஒன்று விடும் ஒலியை மற்றொன்று தன் எதிரொலியாக எடுத்துக்கொள்ளும். கோடும் புள்ளியும் அதனால் வருபவை. அதை மறைக்க இரைச்சல் வடிகட்டியை முழுதாக ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சின்ன மீனும் சேர்ந்து அழிந்துவிடும்.

மீன் தவறினால் ஒரு நாள் வருமானம் போகும். எனக்குப் பயமே ஆழக் கணக்கில்தான். பழையாறு பக்கம் கொள்ளிடம் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோடியக்கரை தாண்டிப் பாக் விரிகுடாவிலோ கடலே ஆழம் குறைவு. அங்கே திரையில் ஆழம் தாறுமாறாகக் குதித்தால் எதை நம்பிப் படகை விடுவீர்கள்? முகத்துவாரத்துக்குள் நுழையுமுன் ஒன்றை அணைத்துவிடுங்கள். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கோடு வந்தால் உடனே மெஷினைக் கழற்றாதீர்கள். முதலில் மற்றதை அணைத்துப் பாருங்கள். கோடு போய்விட்டால் இரண்டும் மோதுகின்றன என்று அர்த்தம். போகவில்லையா, எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். எஞ்சின் ஒயரோடு டிரான்ஸ்டியூசர் ஒயரையும் சேர்த்துக் கட்டியிருந்தால் அந்த இரைச்சலும் திரையில் ஏறும். பிரித்துக் கட்டுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ். ஒரு டிரான்ஸ்டியூசர் ஒயரை வெட்டி இரண்டு மெஷினுக்கும் முறுக்கிவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், மெஷினே போய்விடும்.

ஒன்று கெட்டால் உதவிக்கு இன்னொன்று வேண்டும் என்றால் சரி, நியாயம்தான். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். இரண்டாவதில் சோனாரை, அதாவது ஒலி விடுவதை, நிறுத்திவிட்டு ஜிபிஎஸ் மட்டும் பார்க்கலாம். இரண்டும் ஓடியே ஆக வேண்டும் என்றால் ஒன்று 50, மற்றது 200 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஓர் எல்லைக்குள் அலைவரிசையை மாற்றிக்கொண்டே ஒலி விடும் சிர்ப் மெஷின் என்றால் இரண்டின் அலைவரிசை எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. கடைக்குப் போகும்போது பழைய எக்கோவின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அதைக் காட்டி, எந்த அலைவரிசை என்று கேட்ட பிறகு பணத்தை எடுங்கள்.