குறுஞ்செய்தி வாயில்: ‘நுழை’ எதற்கு?

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: “குறுஞ்செய்தி நுழைவாயில் பழுதடைந்துள்ளதால் தகவல்கள் தாமதமாகும்.” அதைப் படித்த சாட்ஸ்வொர்த் பகுதிப் பெரியம்மா ஒருவர் பதறிப்போய்க் கேட்டார்: “கோயில் வாசல் உடைஞ்சு போச்சா? காவடி எந்தப் பக்கமா வரும்?” அவர்மீது தவறில்லை, சொல் அப்படி. ஆங்கிலத்தில் ‘கேட்வே’ (gateway) என்று வந்த இடமெல்லாம் ‘நுழைவாயில்’ என்று போடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

‘கேட்’ கதவு, ‘வே’ வழி. நம் ‘வாயில்’ என்பது ‘இல்வாய்’ முன்பின்னாக மாறி வந்தது, வீட்டின் வாய். சொல் வரலாறு இவ்வளவே.

இந்தக் கேட்வே என்ன செய்கிறது? கோயில் கணினியிலிருந்து இரண்டாயிரம் பேருக்கு ஒரே செய்தி போகிறது என்று வையுங்கள். இணையம் வழியாக அதை வாங்கி, தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்குப் புரியும் எஸ்.எம்.பி.பி. (SMPP) என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறைக்கு மாற்றிக் கொடுப்பது கேட்வே. சேமித்து வைப்பது அந்த மையம். கைப்பேசி அணைந்திருந்தால் காத்திருந்து, உயிர் வந்ததும் அனுப்பும். கெடு தாண்டினால் விட்டுவிடும். ‘போய்ச் சேர்ந்தது’ என்ற தகவலும், ஆட்கள் அனுப்பும் பதிலும் அதே கேட்வே வழியாகத்தான் திரும்பி வருகின்றன. அப்படியானால் நுழைவது யார், எதற்குள்? நுழைவாயில் என்றால் ஒருவழி. வெளியே வர வேறு வாயில் இருக்கும். இங்கே இருபுறமும் போக்குவரத்து, நடுவில் மொழிமாற்றம். ‘எல்லோரும் எழுதுகிறார்கள், விடுங்கள்’ என்பவர்களுக்கு நான் சொல்வது, எல்லோரும் ஒரே அகராதியின் முதல் வரியைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பதுதான். 2000-இல் கேப் டவுனில் கிளிக்கட்டெல் என்ற குறுஞ்செய்திச் சேவை நிறுவனம் தொடங்கிய நாட்டில் இருந்துகொண்டு, இந்த வேலை நடக்கும் விதத்தை ஒருமுறை விசாரித்துவிட்டு மொழிபெயர்க்கக் கூடாதா?

‘வாயில்’ போதும். தொல்காப்பியம் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் தோழி, பாணன், விறலியர் முதலானோரை ‘வாயில்கள்’ என்றே சொல்கிறது. இருவருக்கு நடுவே நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்கு ஏற்றபடி எடுத்துச் சொல்பவர்கள். கேட்வேயின் வேலையும் அதுதானே! இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு ‘நுழை’யை ஒட்டிக் கெடுக்கிறோம்.

அப்புறம், நீளத்துக்கும் விலை உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 குறிகள்தான். மிஞ்சினால் துண்டு துண்டாகப் பிரியும், துண்டுக்கு 67 குறி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் இயந்திரம் தனித்தனியாக எண்ணும். ‘நுழைவாயில்’ நமக்கு ஐந்தெழுத்து, அதற்குப் பத்து. ‘வாயில்’ ஆறு.

கையேட்டிலும் ஒப்பந்தத்திலும் ‘குறுஞ்செய்தி வாயில்’ என்று எழுதுங்கள். பெரியம்மா படிக்கும் தாளில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். ‘செய்தி வரத் தாமதமாகும்’ என்றால் அவருக்குப் புரியும்.