இமைப்பேன்: ஒரு சொல்லும் அதன் ஈரும்

கண் மருத்துவர் சீட்டில் ‘ஃப்திரையாசிஸ் பால்பிப்ராரம்’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்கியவருக்குப் பாதி உயிர் போய்விடும். பிரித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இமைமயிரில் பேன் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பின்பாதி லத்தீன். ‘பால்பிப்ரா’ என்றால் கண்ணிமை. ‘பால்பிப்ராரம்’ என்றால் இமைகளுடைய. முன்பாதி கிரேக்கம். ‘ஃப்தெய்ர்’ என்றால் பேன். அழித்தலைக் குறிக்கும் கிரேக்க வினை ஒன்றும் ஏறக்குறைய இதே ஒலியில் இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். பழைய கிரேக்கத்தில் இந்தப் பேன்நோய் சாதாரண அரிப்பு இல்லை. சதை அழுகி அதிலிருந்தே பேன் புறப்பட்டு ஆளைக் கொல்லும் என்று நம்பினார்கள். கி.மு. 78இல் இறந்த ரோமானியத் தலைவர் சுல்லா அப்படித்தான் செத்தார் என்று கிரேக்க வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயர்தான் இன்று இமையோரத்து அரிப்புக்கு வந்து நிற்கிறது.

நம் பக்கம் இத்தனை சுற்று இல்லை. தமிழிலும் மலையாளத்திலும் பேன், தெலுங்கில் பேனு, கன்னடத்தில் ஹேனு. பால் அங்கே ஹாலு ஆகும் அதே கதைதான். முட்டைக்குத் தனிச் சொல்: ஈர். பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காண வந்த பொருநனின் கந்தலில் ‘ஈரும் பேனும் இருந்து இறைகூடி’ ஆட்சி நடத்துகின்றன. துணித் தையலில் குடியிருக்கும் அதற்குப் பின்னாளில் சீலைப்பேன் என்று பெயர். ஈரை இழுக்க ஈர்வலி, ஈருளி என்று கருவி வேறு. ஆக, பேனுக்குச் சொல் தேடி நாம் எங்கேயும் அலைய வேண்டியதில்லை.

சரி, இமைக்கு வருவது எந்தப் பேன்? பெரும்பாலும் தலைப்பேன் இல்லை. அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் மயிரில் வாழும் நண்டுப்பேன். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், அகன்ற தட்டை உடம்பு, பின்கால் நான்கிலும் நண்டுக் கொடுக்கு போன்ற நகம். தலைமுடி அதற்கு நெருக்கம் அதிகம். கொஞ்சம் தள்ளித் தள்ளி முளைக்கும் தடித்த மயிர்தான் அதன் கால் எட்டும் தூரத்துக்குத் தோது; இமைமயிர் அப்படிப்பட்டது. உடலுறவால் பரவுவதே அதிகம். ஆனால் ஒரே படுக்கை, துண்டு, அப்பாவின் மார்புமயிர் வழியாகவும் குழந்தைக்கு வரலாம். குழந்தையின் இமையில் கண்டால் மருத்துவர் வீட்டுச் சூழலையும் விசாரிப்பார். அதற்காகக் கோபப்படக் கூடாது. பாலியல் தொல்லை ஏதும் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் கடமை.

கண்டுபிடிப்பதில்தான் கோட்டை விடுவார்கள். அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல், இமையோரத்தில் பொருக்கு எல்லாம் இருப்பதால் இமை அழற்சி என்றோ ஒவ்வாமை என்றோ சொட்டு மருந்து போய்க்கொண்டே இருக்கும். தாடையை வைத்துப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப்பில் பெரிதாக்கினால் வேஷம் கலையும். மயிரின் அடியில் சாம்பல் நிறச் செதில் ஒன்று ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் அதற்குக் கால் இருக்கும். குடித்த ரத்தம் வயிற்றில் செம்பழுப்பாகத் தெரியும். பக்கத்திலேயே அதன் எச்சம், செம்பழுப்புப் பொடியாக. மயிரில் முத்துப்போல் கோத்திருப்பவை ஈர். பொடுகா ஈரா என்று நகத்தால் இழுத்துப் பார்த்தே நம் அம்மாக்கள் சொல்லிவிடுவார்களே, அதே சோதனைதான்: பொடுகு உதிரும், ஈர் நகராது.

மருத்துவமும் பேன் எடுக்கும் வேலைதான். நுண்ணிய இடுக்கியால் பேனையும் ஈரையும் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் அந்த மயிரையே கத்தரிப்பார்கள். பிறகு கண்ணுக்கென்று தயாரித்த பெட்ரோலியக் களிம்பை இமையோரத்தில் ஒரு நாளைக்கு 2 முதல் 4 தடவை, 10 நாள் வரை கெட்டியாகத் தடவ வேண்டும். பேனின் மூச்சுத் துளைகளை அது அடைத்துவிடும். ஈர் பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால்தான் இத்தனை நாள் கணக்கு. முகத்துக்குப் போடும் சாதாரண வாஸ்லின் கண்ணை உறுத்தும். தலைப்பேன் ஷாம்பூ, பெர்மெத்ரின் என்ற பேன்கொல்லி மருந்து எதையும் கண் பக்கம் கொண்டு போகவே கூடாது. அடங்காதவர்களுக்கு ஐவர்மெக்டின் மாத்திரை உண்டு. அது மருத்துவர் முடிவு. உடம்பின் மற்ற மயிரையும் கூடப் படுப்பவரையும் பார்க்காமல் விட்டால் பேன் திரும்பி வரும். துணி, தலையணை உறைக்கு வெந்நீர்.

தமிழில் இதற்கு ‘கண்ணிமைப் பேன் தொற்று’ என்று எழுதலாம்தான். எனக்கு ‘தொற்று’ பிடிக்கவில்லை. கிருமி நினைப்பு வந்து ஆன்டிபயாடிக் சொட்டு வாங்க ஓடுவோம். பேச்சில் ‘பேன் பத்திக்கிச்சு’ என்கிறோம். அதைக் கொண்டு ‘இமைப்பேன் பற்று’ என்று நோய்க்கும், ‘இமைப்பேன்’ என்று பூச்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். ‘கண்பேன்’ என்றால் பேன் விழியில் இருப்பதாகத் தோன்றும். அது விழிக்குப் போவதில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. இந்தப் பேனினத்துக்கு 1815இல் லீச் என்பவர் ரோமன் எழுத்தில் பெயரிட்டபோது கிரேக்க மூலத்தில் வர வேண்டிய முதல் ‘எச்’ விடுபட்டு ‘Pthirus’ என்று ஆகிப் போனது. பிழை என்று தெரிந்தும் அறிவியல் பெயரில் அப்படியே நிலைத்துவிட்டது. நோயின் பெயரில் (Phthiriasis) மட்டும் ‘எச்’ பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இமைப்பேனில் அந்தத் தொல்லை இல்லை. ‘ப்’ ஒன்றை விடாமல் இருந்தால் போதும்.