பரம்பரையே மக்குன்னு பிள்ளைய ஒதுக்காதீங்க

இந்த மாசமும் அதே கதை. கோலாலம்பூர் செந்தூல்லேர்ந்து ஒரு அப்பா அம்மா பிள்ளையோட என்கிட்ட வந்தாங்க, தமிழ்ப்பள்ளியில மூணாம் ஆண்டு படிக்கிற பையன், வாசிக்கச் சொன்னா முழிக்கிறான். அம்மா ஒரு கலர் ரிப்போர்ட்ட நீட்டுறாங்க, விரல் ரேகைய ஸ்கேன் பண்ணி மூளையப் பத்தி சொல்ற டெஸ்டாம், நூத்துக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருக்காங்க. அப்பா பையன் முன்னாடியே, "எங்க பரம்பரைக்கே படிப்பு ஏறாது மேடம், ரத்தம் அப்படி"ங்கிறாரு.

விரல் ரேகை தாய் வயித்துலயே உருவாகி முடிஞ்சிடும். அத வச்சு அறிவ அளக்க எந்த அறிவியல் ஆதாரமும் கிடையாது. தயவுசெஞ்சு அதுக்குக் காசு கட்டாதீங்க.

இந்த 'ரத்தம்' பேச்சுதான் எனக்குத் தாங்கல. அறிவுல மரபணுவுக்குப் பங்கே இல்லன்னு நான் சொல்லல, பெரியவங்கள வச்சு செஞ்ச இரட்டையர் ஆய்வுகள்ல பாதிக்கு மேலயே வருது. ஆனா அது ஒரு பெரிய கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல மரபுக்கு எவ்வளவு பங்குங்கிற கணக்கு, உங்க பையன் மண்டையில பாதி எழுதி மூடியாச்சுன்னு அர்த்தம் இல்ல. உயரத்த எடுத்துக்குங்க, அதுல மரபோட பங்கு சுமார் 80%, ஆனாலும் தென்கொரியப் பொண்ணுங்க நூறு வருஷத்துல சராசரியா 20 சென்டிமீட்டர் வளர்ந்துட்டாங்க. ஜீனா மாறுச்சு? சாப்பாடு மாறுச்சு, சுகாதாரம் மாறுச்சு. அமெரிக்காவுல 2003-ல வந்த ஒரு ஆய்வுல, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்களோட ஐ.கியூவுல, அதாவது அறிவுத்திறன் டெஸ்ட் மார்க்குல, மரபோட பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். கையில காசில்லாத வீட்டுப் பிள்ளையப் பாத்து ரத்தம்னு சொல்றது எவ்வளவு பெரிய தப்புன்னு யோசிங்க.

ஐ.கியூ கூட இருந்தாதான் முன்னேறுவான்னும் கிடையாது. 1921-ல கலிஃபோர்னியாவுல டெர்மன்னு ஒரு உளவியலாளர் ஐ.கியூ பாத்து பிள்ளைங்களப் பொறுக்கி எடுத்தாரு, அதுல தேறாமப் போன ஷாக்லியும் அல்வரெஸும் பின்னாடி இயற்பியல்ல நோபல் பரிசு வாங்குனாங்க.

செந்தூல்லேர்ந்து வந்த அந்தப் பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கிறதுல வர்ற சிரமம். வாயால கேட்டா பதில் டக்குன்னு வருது, எழுத்துதான் பிடிபடல. அப்பாவும் சின்ன வயசுல அப்படித்தானாம், அதுவும் குடும்பத்துல வரக்கூடியதுதான், ஆனா முறையா சொல்லிக்குடுத்தா வாசிப்பு வரும், அவருக்குத்தான் யாரும் சொல்லிக்குடுக்கல.

பிள்ளை பின்தங்குனா முதல்ல கண்ணு, காது செக் பண்ணுங்க. ரத்தசோகை இருக்கான்னு பாருங்க. ராத்திரி ஃபோனப் பிடுங்கி வச்சிட்டுத் தூங்க விடுங்க. அக்காவோட மார்க்க இவன்கிட்ட பேசாதீங்க. கிளாஸ் டீச்சர்கிட்ட உக்காந்து பேசுங்க, பக்கத்து அரசாங்க கிளினிக்ல சொல்லி ஆஸ்பத்திரிக்கு லெட்டர் வாங்குங்க. அப்பாயின்மென்ட் கிடைக்க நாளாகும், அதனால ஸ்கூல் லீவு வரட்டும்னு காத்திருக்காம இப்பவே பேரக் குடுத்து வைங்க.