சி.சி. – சொல் விளக்கம்

“மேலாளரையும் சி.சி.யில் போட்டிருக்கிறேன்.” சென்னை அலுவலகங்களில் இது தகவல் சொல்லும் வாக்கியம் அல்ல, எச்சரிக்கை. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனமானாலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறையானாலும் இதைக் கேட்டவர் முகம் மாறிவிடும். அந்த இரண்டு எழுத்துக்குப் பிறப்பிலேயே இப்படியொரு மிரட்டல் இருந்ததா என்று பார்த்தால், இல்லை.

மின்னஞ்சலில் பெறுநருக்கு அடுத்து வரும் சி.சி. என்பது ‘கார்பன் காப்பி’ என்பதன் சுருக்கம். 1806இல் இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பவர் கரித்தாளுக்குக் காப்புரிமை பெற்றார். அதை அலுவலகம்தோறும் பரப்பியது பின்னால் வந்த தட்டச்சுப் பொறி. இரண்டு தாள்களுக்கு நடுவே கரித்தாளைச் செருகி, உருளையில் ஏற்றி, விசையை ஓங்கித் தட்டினால் அடித்தாளிலும் எழுத்து விழும். மூன்றாவது, நான்காவது தாளுக்குப் போகப் போக எழுத்து மங்கும். ஓர் எழுத்து தவறினால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே அழித்துத் திருத்த வேண்டும். பாரிமுனையில் உயர்நீதிமன்றத்தை ஒட்டி மனு தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு அந்தச் சலிப்பு நன்றாகத் தெரியும். ஆகவே, இந்தக் கடிதம் யார் யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தாளை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. மின்னஞ்சலில் அந்தச் சிரமம் ஒழிந்தது. கூடவே அந்த யோசனையும் ஒழிந்தது என்பது என் எண்ணம்.

மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்த 1982ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 822 என்ற இணையத் தரக்குறிப்பிலேயே சி.சி. உண்டு. அதற்குப் பதிலாக 2001இல் வந்த ஆர்எஃப்சி 2822, தட்டச்சுப் பொறியில் கரித்தாள் வைத்துப் படியெடுக்கும் பொருளில்தான் இந்தச் சொல் ஆளப்படுகிறது என்று விளக்கமே தருகிறது. இந்த வரிசையில் இருப்பவர்களுக்கு மடல் வந்து சேரும், ஆனால் அதன் உள்ளடக்கம் அவர்களை நோக்கியதாக இல்லாமல் இருக்கலாம் என்றும் சொல்கிறது. சுருங்கச் சொன்னால், வேலை பெறுநருக்கு, தகவல் சி.சி.க்கு.

நம் அரசு அலுவலகங்களும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. கோட்டையிலிருந்து வரும் அரசாணையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முதலில் ‘பெறுநர்’, அதன்கீழ் ‘நகல்’, அதற்கும் கீழே இருப்புக் கோப்புக்கான குறிப்பு.

அந்த ‘நகல்’ அரபுச் சொல். ‘அசலும் நகலும்’ என்று சேர்த்துச் சொல்கிறோமே, இரண்டுமே அங்கிருந்து உருது வழியாக வந்தவை. ‘பிரதி’ வடமொழி. ‘ஜெராக்ஸ்’ ஒரு நிறுவனத்தின் பெயர். தமிழில் இதற்குச் சொல் ‘படி’. படியெடுத்தல், கைப்படி, அச்சுப்படி எல்லாம் இதன் வழி வந்தவை. பழமைக்குச் சான்று வேண்டுமானால், சென்னைக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரிடமே கேட்கலாம். பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணத்தில் கிழ வேதியராக வந்து வழக்காடும் சிவபெருமான் அடிமை ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். பிறகு திருவெண்ணெய்நல்லூர் அவையில் சான்று கேட்கிறார்கள். கிழவர் பதறவில்லை: கிழித்தது ‘படியோலை’, ‘மூல ஓலை’ என்னிடம் இருக்கிறது என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இவ்வளவு தெளிவாக வழங்கிய சொல்லை விட்டுவிட்டு, ‘கரிநகல்’ என்று ஒட்டுப்போட வேண்டியதில்லை. ‘படி’க்குப் பல பொருள் உண்டே, குழப்பாதா என்று கேட்கலாம். பஞ்சப்படியோடும் பயணப்படியோடும் யாரும் குழப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை. வாசி என்ற பொருளும் அதற்கு உண்டு; சி.சி.யில் இருப்பவர் செய்ய வேண்டியதும் அதுதானே.

இனி நடைமுறை. விலைப்பட்டியல் தாமதமாகிறது என்று வையுங்கள். “இது மூன்றாவது நினைவூட்டல்” என்று எழுதி, பெறுநரின் மேலாளரையும் அவருக்கு மேலாளரையும் சி.சி.யில் சேர்த்தால், பட்டியல் வராது. தாமதத்துக்குத் தான் காரணமில்லை என்று விளக்கும் நீண்ட பதில்தான் வரும், அதுவும் எல்லோருக்கும் படியோடு. முதலில் அவரிடம் மட்டும் கேட்பது முறை. மேலிடத்தைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், காரணத்தை மடலிலேயே சொல்லிவிடுவது நாகரிகம்: “வியாழன் மாலைக்குள் ஒப்புதல் தேவைப்படுவதால் தங்கள் மேலாளருக்கும் படி அனுப்புகிறேன்.” தமிழில் எழுதும் மடலானால் அடியில் இப்படி ஒரு வரி போதும்: “படி: கிண்டி கிடங்குப் பொறுப்பாளர் – திங்களன்று சரக்கு வரும் என்ற தகவலுக்காக.” தான் ஏன் இதில் இருக்கிறோம் என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பி.சி.சி. என்பது இதே படி, மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போவது. ‘மறைபடி’ எனலாம். ஆயுதபூஜை விடுமுறை அறிவிப்பை எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மடலில் அனுப்பும்போது முகவரிகளை இங்கேதான் இட வேண்டும், சி.சி.யில் இட்டால் ஒருவர் முகவரி இன்னொருவர் கைக்குப் போய்விடும். சக ஊழியரோடு நடக்கும் வாக்குவாதத்தில் மூன்றாமவரை ஒளித்துவைக்க மறைபடியைப் பயன்படுத்துவது வேறு கதை. அந்த மூன்றாமவர் கைதவறி ‘எல்லோருக்கும் பதில்’ என்பதை அழுத்தினால், அவர் அங்கே இருந்தது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.