லேப்ராஸ்கோப்பி: நுண்துளை அறுவை சிகிச்சை

லேப்ராஸ்கோப்பி என்பது வயிற்றில் சிறு துளையிட்டு, கேமராக் குழாய் வழியே உள்ளே பார்ப்பதும் அறுவை செய்வதும். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குக் குடல் புற்றுநோய்க்காக இதைச் செய்யும்போது எதைக் கவனிப்பது என்று பார்ப்போம். கிரேக்கத்தில் 'லபரா' என்பது விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள மென்பகுதி. நம் ஊர்ப் பேச்சில் அள்ளை. 'ஸ்கோபெயின்' என்றால் உற்றுப் பார்த்தல். 1901-இல் ஜெர்மனியின் ஜார்ஜ் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி உள்ளே பார்த்தார். 1910-இல் ஸ்டாக்ஹோமின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயஸ் மனிதர்களிடம் செய்து காட்டினார். குடலை வெட்டி எடுக்கும் அளவுக்கு இம்முறை வளர்ந்தது 1990-களில்தான்.

நோயறிய வயிற்றுக்குள் பார்ப்பது மட்டும் என்றால் 'வயிற்று அகநோக்கல்' பொருந்தும். வெட்டி எடுப்பதற்கு 'நுண்துளை அறுவை சிகிச்சை' சரி. 'சாவித்துளை' என்பது 'கீஹோல்' என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. நோயாளிக்கு எதுவும் விளங்காது. குடல் புற்றுநோயில் துளை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவிகள் 5 முதல் 12 மி.மீ. துளைகளில் நுழையும், வெட்டிய குடல் வெளியே வர 4 முதல் 6 செ.மீ. கீறல் தேவை.

சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் கவலை துளையால் அல்ல, வயிற்றை உப்ப வைக்கும் கரியமில வாயுவால். வழக்கமான அழுத்தம் 12–15 மி.மீ. பாதரசம். அது சிறுநீரக நாளங்களை அமுக்க, ரத்த ஓட்டம் குறையும், சிறுநீரும் குறையும். கொஞ்சமாவது சிறுநீர் பிரிபவருக்கு அந்த மிச்சமே பெரிய சொத்து. உள்ளே தெளிவாகத் தெரியும் என்றால் அழுத்தத்தை 8–10-க்கு இறக்குவது நல்லது. வாயு ரத்தத்தில் கலந்து அமிலத்தன்மையைக் கூட்டும், பொட்டாசியமும் ஏறலாம், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால்தான் முந்தைய நாள் டயாலிசிஸ், அறுவை நாள் காலையில் மறுபடி பொட்டாசியம் பரிசோதனை.

இவர்களின் ரத்தத் தட்டுகள் சரியாக ஒட்டாது. கசிவு நிற்கத் தாமதமாகும். பெரிய வெட்டைத் தவிர்ப்பது இங்கே உண்மையான லாபம்.

குடலைச் சுத்தம் செய்ய சோடியம் பாஸ்பேட் கூடாது. பாலிஎதிலீன் கிளைகால் கரைசல் கொடுக்கலாம். வலிக்கு டைக்ளோஃபினாக் வேண்டாம். மார்ஃபினின் கழிவு உடலில் தேங்கி மூச்சை அடக்கும், ஃபென்டனில் அதைவிடப் பாதுகாப்பானது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் ரத்த அழுத்தப் பட்டையோ ஊசியோ கூடாது. அது அடைத்தால் அடுத்த டயாலிசிஸுக்கே வழியில்லை.

வயிற்றுவழி டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவம் நிரப்பிக் கழிவை எடுப்பது) செய்பவர்கள், காயம் ஆறும்வரை ரத்தவழி டயாலிசிஸுக்கு மாற வேண்டியிருக்கும். சீக்கிரமே திரவம் நிரப்பினால் துளை வழியே கசியலாம், குடலிறக்கமும் வரலாம்.